மாஸ்டா எம்.எக்ஸ்-5: முதல் தலைமுறையா, இரண்டாவதா?

கேள்வி: பர்மிங்ஹாமில் வசிக்கிறேன். வார இறுதியில் ஓட்ட, துணிக் கூரையை மடக்கித் திறக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரான எம்.எக்ஸ்-5 ஒன்றைப் பழையதாக வாங்க ஆசை. முகப்பு விளக்கு மேலே எழும்பும் முதல் தலைமுறையை (என்.ஏ.) வாங்குவதா, அடுத்து வந்த என்.பி.யையா? என் பணத்துக்குள் இரண்டுமே கிடைக்கின்றன.

பதில்: என்.ஏ. 1989 முதல் 1997 வரை வந்தது, என்.பி. 1998 முதல் 2005 வரை. எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே குடும்பம்தான். தொடக்கக்கால 1.6 லிட்டர் என்.ஏ.வுக்கு 115 குதிரைத்திறன், 1.8 லிட்டர் என்.பி.க்கு 140. என்.ஏ. எடை குறைவு, ஸ்டியரிங்கில் சாலை நன்றாகத் தெரியும். என்.பி.யின் கூரையில் பின்பக்கம் கண்ணாடி ஜன்னல், அதில் பனி போக்கும் சூடேற்றியும் உண்டு. என்.ஏ.வில் இருப்பது பிளாஸ்டிக் ஜன்னல். வெயிலில் மஞ்சளாகி, மடிப்பில் கிழியும். இதற்காக என்.ஏ.வை ஒதுக்க வேண்டாம், என்.பி. கூரை அப்படியே அதில் பொருந்தும். 1995-க்குப் பிறகு பிரிட்டனில் விற்ற 1.6 என்.ஏ.வை மட்டும் கவனியுங்கள்: அதன் திறனைச் சுமார் 90-ஆகக் குறைத்துவிட்டார்கள். ஓட்டினால் சப்பென்றிருக்கும்.

ஆனால் குளிர்காலத்தில் உப்புத் தூவும் ஊரில், இந்தக் காரின் ஆயுளைத் தீர்மானிப்பது துருதான். கழற்றிய எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அரித்துப்போன உடம்பை வெட்டி ஒட்டுவதற்கு ஆகும் கூலி, காரின் விலையையே தாண்டிவிடும்.

இரண்டு தலைமுறைக்கும் பொதுவான இடம் கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’, அதிலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள கடைசி ஓரடி. கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள குழாய்கள் வழியாகக் கீழே வடிய வேண்டும். இலைச்சருகு அடைத்துக்கொண்டால் நீர் வழிந்து சில்லுக்குள் தேங்கும். உலோகம் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்தகடு ஏற்கெனவே போயிருக்கும். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தை அழுத்தினால் ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். வாங்கிய பிறகு குழாய்களை ஆண்டுக்கு இருமுறை மெல்லிய நைலான் கம்பியால் சுத்தம் செய்யலாம். இரும்புக் கம்பி வேண்டாம், குழாயைக் குத்திக் கிழித்துவிடும்.

என்.பி.க்கு மட்டும் உரிய இன்னொரு நோய் முன்பக்கச் சட்டக் கம்பிகள், அதாவது எஞ்சினின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவ உத்திரங்கள். அவை இரட்டைத் தகடாக இருப்பதால் நடுவில் ஈரமும் உப்பும் சிக்கி, உள்ளிருந்தே உதிரும். அடித்தட்டைக் கழற்றாமல் கண்ணுக்குத் தெரியாது. காரை லிஃப்டில் ஏற்றி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்க்காமல் என்.பி. வாங்காதீர்கள். கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் விட்டுவிடுங்கள். பதிவு எண்ணைக் கொடுத்தால் பழைய எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் நடக்கும் கட்டாய வாகனத் தகுதிச் சோதனை) முடிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். “துரு” என்ற எச்சரிக்கை ஓர் ஆண்டு வந்து, வெல்டிங் பில் எதுவும் இல்லாமல் அடுத்த ஆண்டு காணாமல் போயிருந்தால் மேலே ஏதோ பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

ஆகவே என் பரிந்துரை: சில் இரண்டும் உறுதியாக உள்ள 1.8 என்.ஏ. கிடைத்தால் அதுவே. அன்றாடம் ஓட்ட வேண்டுமென்றால், 2001-க்குப் பிந்தைய என்.பி. 1.8, உடம்பின் விறைப்பு கூடியிருக்கும். சட்டக் கம்பி சரியாக இருந்தால் மட்டும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த ‘யூனோஸ் ரோட்ஸ்டர்’ என்று விற்கிறார்களே, அது வேறு காரா?

பதில்: அதே என்.ஏ.தான், ஜப்பானில் அந்தப் பெயரில் விற்றார்கள். அங்கும் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் சிக்கலில்லை. உப்புப் படாத ஊரிலிருந்து வந்திருந்தால் அடிப்பாகம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஆனால் பலவற்றில் அடிப்பூச்சு கிடையாது; இங்கே வந்து சில குளிர்காலம் கழிந்தால் வேகமாக அரிக்கும். எப்போது இறக்குமதியானது என்று முதலில் கேளுங்கள். மீட்டர் கிலோமீட்டரில் இருக்கும். மைலுக்கு மாற்றியிருந்தால் எந்த எண்ணில் மாற்றினார்கள் என்பதற்குக் காகிதம் வேண்டும்.

கேள்வி: 1990-ம் ஆண்டு 1.6 ஒன்று பார்த்திருக்கிறேன். எஞ்சினில் எதைச் சோதிப்பது?

பதில்: தொடக்கக்கால 1.6-ல் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன்முனை குட்டையானது. புல்லியை அதனோடு பூட்டும் சாவி அமரும் பள்ளம் தேய்ந்தால் புல்லி ஆடும், வால்வுகள் திறந்து மூடும் நேரம் (டைமிங்) தவறும், எஞ்சின் இழுவை குறையும். முன்னால் உள்ள புல்லியில் நான்கு பிளவுகள் என்றால் குட்டை முனை, எட்டு என்றால் நீண்ட முனை. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது புல்லியை உற்றுப் பாருங்கள். தள்ளாடினால் வாங்க வேண்டாம். டைமிங் பெல்ட் மாற்றியபோது கிராங்க் முனையிலுள்ள போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் முடுக்காததே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை, தண்ணீர் பம்ப்போடு சேர்த்து மாற்ற வேண்டும். அறுந்தாலும் என்.ஏ.வில் வால்வும் பிஸ்டனும் மோதாது. குளிர்ந்த எஞ்சினில் ‘டக் டக்’ சத்தம் சில நிமிடத்தில் அடங்கினால் ஹைட்ராலிக் டேப்பெட்தான் (எண்ணெய் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்), பயம் வேண்டாம்.

டிக்கியில் உள்ள பேட்டரியையும் பாருங்கள். வாயு வெளியேற்றும் குழாய் மாட்டாத சாதாரண பேட்டரி போட்டிருந்தால், அமிலம் டிக்கியின் அடித்தகட்டைத் தின்றிருக்கும்.

கேள்வி: வாங்கிவிட்டேன்! ஹேண்ட்பிரேக் மேலே வரை ஏறியும் பிடிக்கவில்லையே?

பதில்: கேபிளை இறுக்க ஓடாதீர்கள், சரிசெய்யும் இடம் பின்சக்கரத்தின் காலிப்பரில் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் கிடுக்கி) இருக்கிறது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின்பக்கத்தைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்துங்கள். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரின் பின்னாலுள்ள 14 மி.மீ. போல்ட்டை எடுங்கள். உள்ளே 4 மி.மீ. அலன் கீ பொருந்தும். டிஸ்க் நகராதவரை வலப்பக்கம் திருப்பி, மூன்றில் ஒரு பங்கு சுற்றுப் பின்வாங்குங்கள். இரு பக்கமும் செய்தபின் லீவர் 5 முதல் 7 ‘கிளிக்’குக்குள் பிடிக்க வேண்டும். கேபிளைத் தளர்த்தியும், அது இழுக்கும் காலிப்பரிலுள்ள சிறு நெம்புகோல் தானாகத் திரும்பாவிட்டால் அது இறுகிவிட்டது. சரிசெய்வதால் பயனில்லை, புதுப்பித்த காலிப்பர் மாட்டுங்கள்.