பி.காம். முடித்திருக்கிறேன், சுங்கத் தரகர் உரிமம் பெற ஒரு டிப்ளமோ படித்தால் போதுமா?

போதாது. பிறருக்காகச் சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் தரகராக, டிப்ளமோ உங்களுக்கு உரிமத் தேர்வு எழுதும் தகுதியைத்தான் தரும், உரிமம் தராது. 2018ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம ஒழுங்குமுறைகளின்படி, பட்டத்துடன் எம்.பி.ஏ., சட்டப் படிப்பு, சுங்கப் பணி டிப்ளமோ போன்ற ஒன்று வேண்டும். இல்லையென்றால் ஜி கார்டு (தரகர் அலுவலக ஊழியர் ஒரு தேர்வில் தேறிப் பெறும், ஆவணத்தில் கையெழுத்திடும் உரிமை தரும் அட்டை) வைத்து இரண்டு ஆண்டுகளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். அதன்பிறகுதான் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும். உங்களிடம் கட்டணம் கேட்கும் பயிற்சி நிலையம் இதைச் சொல்லியிருக்காது என்றே நினைக்கிறேன்.

நான் ஜி கார்டு வழியில் வந்தவன். சென்னை தம்புச் செட்டித் தெருவில் ஒரு தரகர் அலுவலகத்தில், தேர்வு எழுதாத ஊழியருக்கான எச் கார்டுடன் சேர்ந்தேன். அந்தக் கார்டு இருந்தால் சுங்க இல்லத்துக்குள் நடமாடலாம், ஆவணத்தில் கையெழுத்திட முடியாது. ஜி கார்டு தேர்வில் தேறிய பிறகே அந்த உரிமை கிடைத்தது.

அந்தக் காலத்தில், வாகன உதிரிபாகம் இறக்குமதி செய்யும் ஒருவருக்குப் பெட்டி பெட்டியாக இரும்பு போல்ட், நட்டு வந்து இறங்கின. காருக்கென்றே செய்தவை என்பதால் 8708 (வாகன உதிரிபாகங்கள்) என்று தலைப்பையும், அதாவது வரிப் பட்டியலில் சரக்கின் வகையைக் குறிக்கும் எண்ணையும், அவரே எழுதி அனுப்பியிருந்தார். பழைய பில் ஆஃப் என்ட்ரிகளும் (சுங்கத்தில் தரும் இறக்குமதி அறிக்கைகள்) அப்படியே போயிருந்தன. நான் டாரிஃப் புத்தகத்தை, அதாவது சுங்க வரிப் பட்டியலை விரித்தேன். 17ஆம் பகுதியின் 2ஆம் குறிப்பு பொதுப் பயன்பாட்டு உதிரிகளை விலக்குகிறது. அவை எவை என்பது 15ஆம் பகுதியின் 2ஆம் குறிப்பில் இருக்கிறது. எந்தக் காரில் முடுக்கினாலும் இரும்பு போல்ட் 7318தான். முதலாளி இரண்டு குறிப்புகளையும் படித்துவிட்டுத் தலைப்பை மாற்றச் சொன்னார். இறக்குமதியாளர் தொலைபேசியில் கத்தித் தீர்த்தார். அன்றிலிருந்து வகைப்பாடு, அதாவது எந்தச் சரக்குக்கு எந்தத் தலைப்பு என்று முடிவு செய்யும் வேலை, என் மேசைக்கு வந்தது. டிப்ளமோ படித்த மூத்தவர்கள் அங்கே இருக்கத்தான் செய்தார்கள்.

டிப்ளமோவை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதைப் படித்துவிட்டு அருமையாக வேலை செய்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர்களும் பகுதிக் குறிப்புகள், அத்தியாயக் குறிப்புகள், வகைப்பாட்டின் ஆறு பொது விதிகள் ஆகியவற்றைத் தாங்களாக உட்கார்ந்து படித்தவர்களே. எல்லாம் சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையத்தளத்தில் நடக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கும் சொல்கிறேன்: சரக்கின் எட்டு இலக்கக் குறியீட்டை நாம்தான் கொடுக்கிறோம். 2011 முதல் சுயமதிப்பீடு, வரியை இறக்குமதியாளர் தரப்பே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். தவறினால் சுங்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் வரி கேட்டு நோட்டீஸ் வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனது ஆறவில்லை. வாடிக்கையாளரின் அடையாளம், முகவரி, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு எல்லாவற்றையும் சரிபார்க்கும் கடமையை அதே 2018 ஒழுங்குமுறைகளில் 10ஆவது நம் தலையில் வைக்கிறது. சரிதான். ஆனால் ஒரு பெட்டிக்கு நமக்குக் கிடைக்கும் கூலி என்ன, அந்த ஒரு பெட்டியால் உரிமம் இடைநிறுத்தப்பட்டால் முடங்கிப்போகும் குடும்பங்கள் எத்தனை? பொய் ஆவணம் கொடுத்த ஆள் வேறு பெயரில் அடுத்த நிறுவனத்தைத் தொடங்கிவிடுகிறார். எனக்குத் தெரிந்த நேர்மையான தரகர் ஒருவர், உரிமம் திரும்பக் கிடைப்பதற்குள் ஆட்களையெல்லாம் இழந்துவிட்டார்.

இதையும் தாண்டி இந்தத் தொழில் வேண்டுமென்றால், பயிற்சிக் கட்டணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஏதாவது ஒரு தரகர் அலுவலகத்தில் வேலை கேளுங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். டாரிஃப் புத்தகம் அங்கேயே கிடைக்கும்.