ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் லூபஸா?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு மாதமாக விரல் மூட்டுகளில் வலி. ரத்தப் பரிசோதனையில் 'ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:80' என்று வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் லூபஸ் என்கிறது. எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று மாமியார் தினமும் சீந்தில் பொடி தருகிறார். தொடரலாமா?

பதில்: முதலில் பொடியை நிறுத்துங்கள். உங்கள் மாமியார் அக்கறையில்தான் தருகிறார். ஆனால், சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். அதில் பலருக்குத் தன்னெதிர்ப்பு நோயின், அதாவது எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் நோயின், சாயல் இருந்தது. லூபஸும் அந்த வகை நோய்தான்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிருமிகளைத் தாக்க வேண்டிய வெள்ளணுக்களில் ஒரு வகை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி அடைகிறது. சொந்த உடலையே தாக்கக்கூடிய அணுக்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்பட்டுவிடும். தப்பிப்பவை எல்லோரிடமும் கொஞ்சம் உண்டு. அவற்றை அடக்கிவைக்கவும் உடலில் ஏற்பாடு இருக்கிறது. அது தளரும்போது, நம் செல்லின் உட்கருவுக்கு எதிராகவே எதிர்பொருள் (ஆன்டிபாடி) உருவாகலாம். அதைத்தான் இந்தப் பரிசோதனை காட்டுகிறது.

1:80 என்பது, ரத்தநீரை 80 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் அந்த எதிர்பொருள் தெரிந்தது என்பதே. எந்த நோயும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இந்த அளவு காணப்படுகிறது. தைராய்டு தொல்லை உள்ளவர்களுக்கும் வரும். இதை மட்டும் வைத்து லூபஸ் என்று சொல்லவே முடியாது.

நான் கேட்க விரும்புவது வேறு. காலையில் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருக்கின்றனவா? மூட்டு வீங்குகிறதா? வெயில் பட்டால் கன்னத்தில் சிவந்து தடிக்கிறதா? வாய்ப்புண், முடி கொட்டுதல், குளிரில் விரல் வெளுத்தல், சிறுநீரில் நுரை உண்டா? இவற்றில் ஏதேனும் இருந்தால் வாதநோய் நிபுணரைத் தாமதிக்காமல் பாருங்கள்.

எதுவும் இல்லாவிட்டாலும் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலியே இருக்காது. இந்தச் சின்னப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். முழு ரத்த அணு எண்ணிக்கை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பொடி சாப்பிட்டதால் கல்லீரல் பரிசோதனை ஆகியவையும் வேண்டும். முடக்குவாதத்துக்கான ஆன்டி-சி.சி.பி., லூபஸுக்கான டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்பொருள், சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள் போன்றவற்றை நிபுணர் உங்களைப் பார்த்த பின் முடிவு செய்யட்டும்.

ஏ.என்.ஏ.வை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். அந்த எண் ஏறுவதையோ இறங்குவதையோ வைத்து நோயின் போக்கைக் கணிக்க முடியாது, காசுதான் வீண்.