எசேக்கியா ராஜா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

யூதாவின் ராஜா எசேக்கியாவைப் பற்றிய வேதபாடம் முடிந்த கையோடு கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாருக்கும் தனித்தனியே எழுத முடியாது, மன்னிக்கவும். வழக்கமான வேண்டுகோளை மட்டும் மறுபடி சொல்லிவிடுகிறேன். இந்த ராஜாவின் சரித்திரம் மூன்று இடங்களில் இருக்கிறது: 2 இராஜாக்கள் 18 முதல் 20 வரை, 2 நாளாகமம் 29 முதல் 32 வரை, ஏசாயா 36 முதல் 39 வரை. மூன்றையும் படித்துவிட்டு எழுதுங்கள். வந்த கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

எசேக்கியேல் ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி ஜெபித்தார் அல்லவா? சுவருக்கு ஏதாவது ஆவிக்குரிய அர்த்தம் உண்டா?

எசேக்கியேல் தீர்க்கதரிசி. அவர் நூறு வருஷத்துக்குப் பின்னால், பாபிலோனில் கேபார் நதியண்டையில் இருந்தவர். ராஜாவின் பெயர் எசேக்கியா. மரணத்துக்கேதுவான வியாதியில் கிடந்து ஜெபித்து, இன்னும் 15 வருஷம் பெற்றவன். சுவருக்கு ஒரு அர்த்தமும் இல்லை. படுக்கையில் கிடக்கிற மனுஷன், அறையில் நிற்பவர்கள் பார்க்காமல் அழவேண்டுமென்றால் வேறு எந்தப் பக்கம் திரும்புவான்? ஆகாபும் ஒருநாள் கட்டிலில் படுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான், நாபோத்தின் திராட்சத்தோட்டம் கிடைக்கவில்லை என்று. திரும்பினபிறகு எசேக்கியா யாரிடம் பேசினான் என்பதைப் பாருங்கள்.

ஆகாஸ் 20 வயதில் ராஜாவாகி 16 வருஷம் ஆண்டான். அப்படியானால் 36 வயதில் மரணம். அவன் மகன் எசேக்கியா ராஜாவாகும்போது வயது 25. பதினோரு வயதில் தகப்பனா?

கணக்குப் போட்டுப் படிக்கிற வாசகர், சந்தோஷம். யூதாவில் தகப்பன் உயிரோடிருக்கும்போதே மகனும் சேர்ந்து ஆளுவது உண்டு. உசியா குஷ்டரோகியாகித் தனித்து இருந்தபோது யோதாம் நியாயம் விசாரித்தான் என்று 2 இராஜாக்கள் 15:5 சொல்கிறது. அப்படிச் சேர்ந்து ஆண்ட வருஷங்களையும் சில இடங்களில் சேர்த்து எண்ணுகிறார்கள், சில இடங்களில் விட்டுவிடுகிறார்கள். எசேக்கியாவின் வருஷங்களிலும் இதே சிக்கல்தான். இதை ஞாபகத்தில் வையுங்கள், கீழே ஒரு கேள்விக்குத் தேவைப்படும்.

சூரிய கடியாரத்தில் நிழல் பத்துப் பாகை பின்னிட்டதை நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தார்களாமே? வாலிபர் கூட்டத்தில் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். நிழல் பின்னிட்டது, எசேக்கியா சுகமாவான் என்பதற்குக் கர்த்தர் கொடுத்த அடையாளம். நாசா கண்டுபிடித்தது என்பதுதான் கட்டுக்கதை. வாட்ஸப் வருவதற்கு முன்னால் துண்டுப்பிரதியில் வந்தது, இப்போது படத்தோடு வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அற்புதத்தை விசுவாசிக்க நாசாவின் கையெழுத்து வேண்டாம். கூட்டத்தில் ஒரு பையன் அங்கேயே போனில் தேடிப்பார்த்து அது பொய் என்று கண்டுகொண்டால், அடுத்து நீங்கள் சொல்லப்போகிற உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவான்.

எசேக்கியா விசுவாச வீரன் என்கிறோம். அப்புறம் ஏன் ஆலயத்துக் கதவுகளில் இருந்த பொன்னை உரித்து அசீரியனுக்குக் கொடுத்தான்?

பயந்துபோனான், அதனால் கொடுத்தான். முந்நூறு தாலந்து வெள்ளி, முப்பது தாலந்து பொன். இன்றைய கணக்கில் பொன் மட்டும் ஏறக்குறைய ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகடுகளை அங்கே அடித்துவைத்ததே அவன்தான், தன் கையால் மூடியதைத் தன் கையாலேயே உரிக்கவேண்டியதாயிற்று. வாங்கிக்கொண்ட அசீரியா ராஜா சனகெரிப் திரும்பிப் போனானா? யூதாவின் லாகீஸ் பட்டணத்திலிருந்து, ரப்சாக்கே என்கிற தன் அதிகாரியைப் பெரிய சேனையோடு எருசலேமுக்கு அனுப்பினான். நாளாகமத்தில் இந்தச் சம்பவமே கிடையாது. நாளாகமத்தை மட்டும் படித்துவிட்டுப் பிரசங்கம் பண்ணுகிறவர்களுக்கு இவன் குறையில்லாத வீரனாகத் தெரிகிறான். மூன்று இடத்தையும் படியுங்கள் என்று நான் தொண்டை வறளக் கத்துவது இதற்குத்தான்.

சுரங்கம் வெட்டித் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தது அவிசுவாசம் இல்லையா? எங்கள் சபையில் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் எடுப்பதே பாவம் என்கிறார்கள்.

கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம்வரை, பாறைக்குள், அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இன்றும் எருசலேமில் அந்தச் சுரங்கத்துக்குள் தண்ணீரில் நடந்து போகலாம். இரண்டு முனையிலிருந்தும் ஒரே சமயத்தில் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அதுவும் நேராக அல்ல, வளைந்து வளைந்து. 1880ல் சுரங்கச் சுவரில் ஒரு கல்வெட்டு அகப்பட்டது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னும் மூன்று முழம் பாறை பாக்கி இருக்கும்போது ஒரு பக்கத்தார் கூப்பிடும் குரல் மறுபக்கத்தாருக்குக் கேட்டதும், கோடரிக்கு எதிராகக் கோடரி வெட்டினதும், தண்ணீர் 1200 முழம் ஓடினதும் அதில் எழுதியிருக்கிறது. கிடைத்திருக்கிற வரிகளில் ராஜாவின் பெயர் இல்லை. வெட்டினவர்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

சரி, இன்சூரன்ஸ். ஏசாயா 22:11ஐப் படியுங்கள். தண்ணீருக்காகக் குளம் உண்டாக்கினீர்கள், ஆனால் அதைச் செய்தவரை நோக்காமற்போனீர்கள் என்று தீர்க்கதரிசி கடிந்துகொள்கிறார். குளத்தை மூடச் சொல்லவில்லை. வெட்டுவது பாவமென்றால் 2 இராஜாக்கள் 20:20 அதை அவனுடைய வல்லமையான கிரியைகளோடு சேர்த்துப் பேசுமா? இன்சூரன்ஸ் எடுங்கள், ஜெபமும் பண்ணுங்கள். எதிர்க்கிறவர்களிடம் ஆலயக் கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுப்பாருங்கள்.

அத்திப்பழ அடையை வைத்து எசேக்கியாவின் புண் ஆறியது. அப்பாவுக்குச் சர்க்கரைப் புண். அத்திப்பழம் அரைத்து வைக்கலாமா? மாத்திரையை நிறுத்தலாமா?

வைக்காதீர்கள். நிறுத்தாதீர்கள். இன்றைக்கே டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். அத்திப்பழ அடை அந்தக் காலத்து மருந்து. சுகமாவாய் என்ற வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான் மருந்தையும் போடச் சொன்னார். அந்த வசனத்திலிருந்து எதையாவது கற்கவேண்டுமானால், வாக்குத்தத்தம் பெற்றவனும் மருந்து போட்டுக்கொண்டான் என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

என் கணவருக்குப் புற்றுநோய். சுகத்துக்காக ஜெபித்துவருகிறோம். உபவாசக் கூட்டத்தில் ஒரு பிரசங்கியார், "எசேக்கியா அழுது அடம்பிடித்து 15 வருஷம் வாங்கினான், அதில்தான் அவன் மகன் மனாசே பிறந்தான், தேசமே கெட்டது, ஆண்டவர் போதும் என்றால் போய்விடவேண்டும்" என்றார். அன்றுமுதல் ஜெபிக்கவே பயமாயிருக்கிறது.

சகோதரி, ஜெபியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தப் பிரசங்கம் எனக்கு ரொம்பப் பழக்கம். ஊர் ஊராக, ஒருவர் சொன்னதை ஒருவர் வாங்கிச் சொல்லுகிறார்கள். கேட்கிற கூட்டத்தில் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பே மைக் பிடிக்கிறவர்களுக்கு இருப்பதில்லை. வேதம் அப்படிச் சொல்கிறதா என்று பார்ப்போம்.

ஏசாயா மரணச் செய்தியைச் சொல்லிவிட்டுப் பாதி முற்றத்தைக்கூடக் கடக்கவில்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது. "உன் விண்ணப்பத்தைக் கேட்டேன், உன் கண்ணீரைக் கண்டேன்." இதில் சலிப்பு எங்கே இருக்கிறது? "தொலைந்துபோ, எடுத்துக்கொள்" என்கிற தொனி எங்கே இருக்கிறது? கேட்டதைக் கொடுத்து ஆத்துமாவில் இளைப்பை அனுப்பினார் என்கிற சங்கீத வசனத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். அது வனாந்தரத்தில் இச்சித்த ஜனங்களைப் பற்றியது. அதற்கும் எசேக்கியாவுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்த வசனத்தையும் படியுங்கள். 15 வருஷம் கூட்டுவேன் என்ற அதே மூச்சில், உன்னையும் இந்த நகரத்தையும் அசீரியா ராஜாவின் கைக்குத் தப்புவிப்பேன் என்கிறார். அப்படியானால் வியாதி வந்தபோது நகரம் இன்னும் தப்பவில்லை. சனகெரிப் வந்தது 14ஆம் வருஷம், எசேக்கியா ஆண்டது மொத்தம் 29 வருஷம், மீதி 15. எல்லாம் ஒரே காலகட்டம். அன்றைக்கு அவன் செத்திருந்தால், அசீரியனுடைய நிருபத்தை ஆலயத்தில் கர்த்தருக்கு முன்பாக விரித்து ஜெபிக்க யார் இருந்திருப்பார்கள்?

இனி மனாசே. ராஜாவாகும்போது அவனுக்கு 12 வயது, ஆகையால் 15 வருஷத்துக்குள்தான் பிறந்தான் என்பது அவர்கள் கணக்கு. மேலே ஆகாஸ் விஷயத்தில் சொன்னதை இங்கே கொண்டுவாருங்கள். மனாசேயின் 55 வருஷத்தைப் பொருத்திப் பார்க்கிற காலக்கணக்கு அறிஞர்கள் பலர், அவன் சுமார் 10 வருஷம் தகப்பனோடு சேர்ந்து ஆண்டான் என்கிறார்கள். அப்படியானால் தகப்பன் படுக்கையில் கிடந்தபோது இவன் அரமனையில் ஓடித்திரிந்த ஆறேழு வயதுப் பையன். அந்தப் பிரசங்கத்தின் அஸ்திபாரமே ஆடுகிறது.

அவர்கள் கணக்கே சரியென்று வைத்துக்கொண்டாலும், மனாசே இல்லாமல் ஆமோன் இல்லை, ஆமோன் இல்லாமல் யோசியா இல்லை. மத்தேயு முதலாம் அதிகாரம் 10ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள், மூன்று பேரும் வரிசையாக இருக்கிறார்கள். அந்த வரிசை எங்கே போய் முடிகிறது என்று உங்களுக்குத் தெரியும். எருசலேமின் அழிவுக்கு மனாசேயின் பாவங்களைக் காரணமாக வேதம் சொல்கிறது, உண்மை. பழி மனாசேயின்மேல். அவன் தகப்பனுடைய ஜெபத்தின்மேல் ஒரு வசனமும் பழிபோடவில்லை. அந்த மனாசேயும் விலங்கு போடப்பட்டுப் பாபிலோனில் கிடந்தபோது கெஞ்சினான், கர்த்தர் அவன் கெஞ்சுதலைக் கேட்டார். 2 நாளாகமம் 33. இந்தப் பிரசங்கியார்கள் அந்த அதிகாரத்துப் பக்கமே போகமாட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். 15 வருஷம் எசேக்கியாவுக்குக் கொடுத்தது. அது விசுவாசிகள் எல்லாருக்கும் எழுதிவைத்த பத்திரம் அல்ல. புதுவருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையில் அந்த வசனம் வந்தது என்று வருஷங்களை எண்ணிக்கொண்டிருப்பவர்களையும் எனக்குத் தெரியும். கேளுங்கள், அழுதும் கேளுங்கள். சிகிச்சையை விடாதீர்கள். உங்கள் ஜெபத்தினால் ஏதோ கேடு வந்துவிடும் என்று எவர் சொன்னாலும் அந்தக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிடுங்கள்.

மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தையே எசேக்கியா உடைத்தான். எங்கள் ஆலயத்தில் மிஷனரி காலத்துப் பிரசங்க பீடமும் ஆர்கனும் இருக்கின்றன. புதிய கமிட்டி அகற்றப் பார்க்கிறது. வசனம் ஆதரிக்கிறதா?

பீடத்துக்கு யாராவது தூபங்காட்டுகிறார்களா? இல்லையென்றால் எசேக்கியாவை இழுக்காதீர்கள். அந்தச் சர்ப்பம் பழசு என்பதற்காக உடைபடவில்லை. ஏறக்குறைய 700 வருஷம் இருந்தது, கர்த்தர் சொல்லிச் செய்தது, அதைப் பார்த்துப் பிழைத்தவர்கள் உண்டு. அதற்குத் தூபங்காட்டத் தொடங்கினபடியால் உடைத்தான். உடைத்த பிறகும் அந்தச் சம்பவத்தின் மதிப்பு குறையவில்லை, இயேசு நிக்கொதேமுவிடம் பேசும்போது அதைத்தான் எடுத்துச் சொன்னார். ஆர்கனை விற்கவேண்டுமென்றால் பராமரிப்புச் செலவைக் காட்டிச் சபையில் பேசுங்கள். அதற்கு வசனம் தேடவேண்டாம்.

சனகெரிப் தான்தான் ஜெயித்ததாகக் கல்வெட்டில் எழுதியிருக்கிறானாமே?

கூண்டுப் பறவையைப்போல் எசேக்கியாவை எருசலேமில் அடைத்தேன், 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன் என்று எழுதியிருக்கிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று எழுதவில்லை. நினிவே அரமனையில் ஓர் அறை முழுக்கச் சுவர்ச் சிற்பமாகச் செதுக்கிவைத்தது லாகீசைப் பிடித்த கதை. இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். தலைநகரம் கையில் கிடைத்திருந்தால் லாகீசுக்கு அவ்வளவு இடம் கொடுத்திருப்பானா?

நினிவேக்குத் திரும்பினவுடனே மகன்கள் அவனை வெட்டிப்போட்டார்களா?

உடனே அல்ல. கி.மு. 701ல் திரும்பினான், 681ல் கொல்லப்பட்டான். இடையில் 20 வருஷம். அடுத்தடுத்த வசனத்தில் இருப்பதால் அடுத்தடுத்த நாள் என்று நினைக்கக்கூடாது.

பாபிலோன் ஸ்தானாபதிகளுக்குப் பொக்கிஷசாலையைக் காட்டியது அவ்வளவு பெரிய குற்றமா? விருந்தோம்பல்தானே?

அவர்கள் எதைக் கேட்டு வந்தார்கள் என்பதை நாளாகமம் சொல்கிறது: தேசத்தில் நடந்த அற்புதத்தை விசாரிக்க. நட்சத்திரங்களைப் பார்த்துக் குறி சொல்கிற ஊரிலிருந்து, நிழல் எப்படிப் பின்னிட்டது என்று கேட்டு வந்திருக்கிறார்கள். அதைச் செய்தவரைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. இவனோ வெள்ளி, பொன், கந்தவர்க்கம், பரிமளதைலம், ஆயுதசாலை என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினான். காட்டாத பொருள் ஒன்றும் இல்லை என்கிறது வசனம். நம் சபைக்கு ஒருவர் முதல்முறை வந்தால் நாமும் புதிய கட்டடத்தையும் சவுண்ட் சிஸ்டத்தையும் ஏசியையும்தானே சுற்றிக் காட்டுகிறோம்?

இதோடு சேர்த்து இன்னொரு வாசகர், "என் நாட்களிலாவது சமாதானம் இருக்குமே" என்று அவன் சொன்னது தாழ்மையா சுயநலமா என்று கேட்கிறார். தாழ்மை என்று எழுதிய வியாக்கியானங்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. உன் குமாரரைப் பாபிலோனுக்குக் கொண்டுபோவார்கள் என்று கேட்ட தகப்பன், தனக்கு மரணம் என்று கேட்டபோது அழுததில் பாதியாவது அழுதிருக்கவேண்டும். சுவர்ப்புறம் திரும்பத் தெரிந்தவன்தானே.

ஞாயிறு பிரசங்கத்துக்கு "எசேக்கியாவின் ஏழு வெற்றி ரகசியங்கள்" என்று குறிப்பு அனுப்ப முடியுமா? அவசரம்.

முடியாது, தம்பி. பதினொரு அதிகாரம்தான், நிதானமாகப் படித்தாலும் ஒரு சாயங்காலம் போதும்.