மொரீஷியஸில் போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பைப் ஏறும்போது மின்காரின் சார்ஜ் மளமளவென இறங்குவது ஏன்? குறைக்க வழி உண்டா?

இன்வெர்ட்டரை (பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கான மாறுமின்சாரமாக்கும் கருவி) மாற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சிலிக்கான் கார்பைடு சில்லு கொண்ட இன்வெர்ட்டரில் இழப்பு குறைவுதான். ஆனால் அது தொழிற்சாலையிலேயே மோட்டாரோடு பொருத்தி வருவது.

கணக்கைப் பாருங்கள். போர்ட் லூயிஸ் கடல்மட்டம், கியூர்பைப் சுமார் 550 மீட்டர். 1,600 கிலோ காரை அவ்வளவு உயரம் தூக்கவே 2.4 யூனிட் வேண்டும். அது பழுதல்ல, இயற்பியல். இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். வீடு மேலே இருந்தால் இரவில் 100% சார்ஜ் ஏற்றாதீர்கள்: நிரம்பிய பேட்டரி திரும்பும் மின்சாரத்தை வாங்காது, எல்லாம் பிரேக்கில் சூடாகப் போய்விடும். 80 முதல் 85% போதும்.

மோட்டார்வேயில் வேகத்தை மணிக்கு 110 கி.மீ.யிலிருந்து 90-க்குக் குறைத்தால் காற்றுத்தடை மூன்றில் ஒரு பங்கு குறையும். டயர் காற்றை வண்டி ஓடுமுன், குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள்.

பலர் கவனிக்காதது பிரேக். மின்காரில் அதை அதிகம் மிதிப்பதில்லை; உப்புக்காற்றில், பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பர் நகர உதவும் ஆணி (பின்) துருப்பிடித்து, பேட் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கலாம். ஓட்டி நிறுத்தியதும் சக்கரங்களுக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் பூசச் சொல்லுங்கள்.