குளிரில் புது பிஸ்டன்: எப்படி ஓட்டிப் பழக்குவது?

கேள்வி: டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கில் பிஸ்டன், ரிங் மாற்றி, சிலிண்டருக்கும் புதுப் பூச்சு போட்டு இன்ஜினைக் கட்டிவிட்டேன். வெளியே 5 டிகிரி குளிர். ஒரு மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டால் செட் ஆகிவிடுமா?

ஆகாது, அப்படிச் செய்யவும் வேண்டாம். ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு பொருத்துவது எரியும் வாயுவின் அழுத்தம்தான். அது ரிங்கின் பின்பக்கம் புகுந்து வெளியே தள்ளினால்தான் ஹோனிங் கோடுகளில் (சிலிண்டர் சுவரில் தீட்டிய மெல்லிய குறுக்குக் கீறல்களில்) உரசி ரிங் சரியாக உட்காரும். ஐடிலில் அந்த அழுத்தம் வராது. மூடிய ஷெட்டுக்குள் ஓடவிட்டால் புகையே ஆளைக் கொன்றுவிடும், அதையும் மறக்காதீர்கள்.

ஆனால் குளிரில் உண்மையான ஆபத்து வேறு. ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் மளமளவென்று சூடேறி விரியும், சுற்றிலும் குளிர்ந்த கூலன்ட் நிற்பதால் சிலிண்டர் அந்த வேகத்தில் விரியாது. அந்த நேரத்தில் த்ராட்டிலை முறுக்கினால் இடைவெளி தீர்ந்து, பிஸ்டனின் பக்கங்களில் நீளவாக்கில் கீறல் விழும், சில சமயம் அப்படியே பிடித்துக்கொள்ளும். அதனால் ஸ்டார்ட் செய்து, லேசாக த்ராட்டில் கொடுத்துக்கொண்டே, ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். கைக்கு நன்றாகச் சூடு தெரிந்ததும் அணைத்து, இன்ஜின் முழுக்க ஆறும்வரை விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் போதும்.

அப்புறம் ஓட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் சூடேற்றிவிட்டு, பாதி த்ராட்டிலுக்குள், கியரை மாற்றி மாற்றி, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் இழுக்காதீர்கள், நீண்ட இறக்கத்தில் த்ராட்டிலை மூடியபடி இறங்கவும் கூடாது, ஏனென்றால் டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் வருவதே பெட்ரோலோடுதான். ரேடியேட்டர் சூடே பிடிக்கவில்லை என்றால் ஒரு பகுதியை அட்டையால் மறையுங்கள், ஓட ஓட சூட்டைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

கார்புரேட்டர் வண்டி என்றால் இன்னொன்று. குளிர்காற்று அடர்த்தியானது, வெயில் காலத்து ஜெட்டோடு (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள திருகு) ஓட்டினால் கலவை லீன் ஆகி, அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லாமல், பிஸ்டன் கூடுதலாகச் சூடேறும், மேனுவலைப் பார்த்து ஒரு அளவு பெரிய ஜெட் போடுங்கள். பாதுகாப்புக்கு என்று பெட்ரோலில் ஆயிலைக் கூட்டிவிடாதீர்கள், ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைந்து கலவை இன்னும் லீன்தான் ஆகும்.

முதல் ஓட்டம் முடிந்து இன்ஜின் முழுதாக ஆறியதும், ஹெட் நட்டுகளை மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் அளவில்) ஒருமுறை சரிபார்த்து, கூலன்ட் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.