எக்ஸ்ரே கதிர் உடம்பில் தங்கிவிடுமா?

கேள்வி: காசநோய் இருக்குமோ என்ற ஐயத்தில் என் கணவருக்குச் சென்ற மாதம் இரண்டு முறை மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள்; நோய் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால், "கதிர் உடம்பில் ஊறியிருக்கும், ஓராண்டுக்குக் குழந்தை வேண்டாம்" என்கிறார் மாமியார். இது சரியா? — வாசகி, குடியாத்தம்.

பதில்: சரியல்ல. விளக்கை அணைத்த பின் அறையில் வெளிச்சம் எஞ்சாதது போல, கருவியை நிறுத்திய கணமே எக்ஸ்ரேயும் இல்லாமல் போகிறது. ஆயினும் மாமியாரின் அச்சம் முற்றிலும் வெறும் அச்சமன்று. கடந்துபோகும் கதிர் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளின் இழையை அறுத்துவிடக்கூடும். பழ ஈக்களின் மீது எக்ஸ்ரேயைச் செலுத்தினால் உண்டாகும் மாற்றங்கள் அவற்றின் சந்ததிக்கும் செல்கின்றன என்று அமெரிக்க மரபியலாளர் ஹெர்மன் முல்லர் 1927-இல் காட்டி, அதற்காகவே 1946-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் செலுத்திய அளவு மிகப் பெரிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இழை அறுந்ததும் செல் சும்மா இருப்பதில்லை. ஏ.டி.எம். என்னும் நொதி அறுபட்ட இடத்தை உணர்ந்து, பி53 என்னும் புரதத்தின் மீது பாஸ்பேட் என்னும் சிறு வேதித்துணுக்கை ஒட்டிவைக்கிறது. அந்த ஒட்டுதான் செய்தி. செய்தி கிடைத்த பி53, செல் பிரிவதை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்க அவகாசம் தருகிறது. பழுது மிஞ்சிவிட்டால் அந்தச் செல்லையே மடியச் செய்கிறது. இதற்கும் தப்பிய பிழை நுரையீரல் செல்லில் இருந்தால் அது அந்த உடம்போடு முடிந்துவிடும். விந்தணுவிலோ கருமுட்டையிலோ இருந்தால் மட்டுமே பிள்ளைக்குச் செல்லும். மார்பு எக்ஸ்ரேயில் விந்தகத்தை எட்டும் கதிரோ மிகமிகச் சொற்பம். ஒரு முறை எடுக்கும்போது உடம்பு ஏற்பது வழக்கமாக 0.1 மில்லிசீவர்ட் (உடம்பு ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) அல்லது அதற்கும் குறைவு. வானிலிருந்தும் மண்ணிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர் ஏற்பது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். வேலூர்க் கோட்டையின் கருங்கல்லிலும் கதிரை உமிழும் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு உண்டு. நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. ஒருவேளை நீங்கள் ஏற்கெனவே கருவுற்றிருந்து, உங்களுக்கே எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தால், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் மருந்து குடித்த என் அக்காவைத் தனியறையில் வைத்தார்களே, அது ஏன்? — வாசகர், ஆற்காடு.

பதில்: அங்கே கதிரை உமிழும் பொருளே உடம்புக்குள் போகிறது. அந்தப் பொருளான அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறும். அதுவரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அவரை நெருங்கக் கூடாது. இம்மருந்து குடித்த பெண்களை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கருத்தரிக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. குடியாத்தத்து மாமியாரின் "ஓராண்டு" இங்கிருந்து போயிருக்கலாம்.