குளிர் யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை?

கேள்வி: எனக்கு வயது 51. குன்னூர் பக்கம் ஒரு சபையில் 18 வருடமாக ஊழியம் செய்கிறேன். கோயில் கூட்டுவது, இராப்போஜனப் பாத்திரம் கழுவுவது, அடக்கத்துக்குக் குழி வெட்ட ஆள் பிடிப்பது எல்லாம் நான்தான். ஒரு ரூபாய் வாங்கியதில்லை. இந்த வருடம் கமிட்டித் தேர்தலில் நேற்று வந்த ஒரு பையனிடம் தோற்றேன். புதுக் கட்டடத்துக் கல்வெட்டில் என் பெயரே இல்லை. நுவரெலியாவில் பிறந்து, இங்கே வந்து டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் 30 வருடம் கொழுந்து பறித்த என் அம்மா சொல்லிக்கொடுத்த ஜெபம்தான் என்னை இதுவரை நடத்தியது. (அம்மா இப்போது மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை.) வீட்டு மாடியில் ஜெபத்துக்கென்றே ஒரு அறை ஒதுக்கி, தினமும் காலை 4 மணிக்கு முழங்காலில் நிற்கிறேன். தன்னைத் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான் என்கிறது வேதம். நான் இன்னும் எவ்வளவு தாழ வேண்டும்? விசுவாசமே ஆட்டம் காண்கிறது.
– ஒரு சபை ஊழியன்

பதில்: தம்பி, கல்வெட்டுக் கடிதம் எனக்குப் புதிதில்லை. பெயர் விட்டுப்போயிற்று, எழுத்து சின்னதாகிவிட்டது, அசன விருந்தில் முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை. அவர்களுக்கெல்லாம் ஆறுதலாக நாலு வரி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எழுத மனம் வரவில்லை. அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே ஒரு வரி, அதிலேயே நின்றுவிட்டேன்.

மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா? யாருக்கு?

நுவரெலியாவின் குளிர் நம் குன்னூர்க் குளிருக்கு இளைத்ததில்லை. அங்கே பிறந்தவர் உங்கள் அம்மா. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பலேறி வந்த சனம் அது. அந்தச் சனத்துக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இந்தத் தோட்டங்களைத் தொடங்கியது. ஜனவரிப் பனியில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, விரல் மரத்துப்போக 30 வருடம் கொழுந்து பறித்தவருக்கு ஒத்துக்கொண்ட குளிர், எடைக்காரர் முன்னால் கூடையை இறக்கி வைப்பது நின்ற பிறகுதான் ஒத்துக்கொள்ளாமல் போயிற்று, இல்லையா?

டாக்டர் சொல்லியிருக்கலாம். வயதானவர்களுக்கு இழுப்பு வருவது உண்டுதான். ஆனால் டாக்டர் சொல்லியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். 18 வருடம், 30 வருடம், 4 மணி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிற ஆள் நீங்கள். மேட்டுப்பாளையம் போய் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது என்றைக்கு என்ற கணக்கு மட்டும் கடிதத்தில் இல்லை.

அப்புறம் அந்த மாடி அறை. மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்றொரு சொல் வரும். காணிக்கை என்று பொருள். 'உங்களுக்குத் தர வேண்டியதைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன்' என்று தாய் தகப்பனிடம் கைவிரிக்க அந்தக் காலத்தில் ஒரு வழி. இயேசு அதைக் கடுமையாகவே கண்டித்தார். உங்கள் வீட்டில் ஆண்டவருக்கு ஒரு அறை இருக்கிறது. அவர் கேட்டாரா அதை?

நீங்கள் காட்டும் வசனத்தையே எடுத்துக்கொள்வோம். அதை அவர் சொன்னது ஒரு விருந்து வீட்டில், முதல் இடம் பிடிக்க முண்டியடித்தவர்களைப் பார்த்து. நீங்கள் கெட்டிக்காரர், கடைசி இடத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள். வீட்டுக்காரர் மேலே கூப்பிட வருகிறாரா என்று கண் மட்டும் 18 வருடமாக வாசலிலேயே இருக்கிறது. வங்கியில் போட்டுவிட்டு வட்டிக்குக் காத்திருப்பதைத் தாழ்மை என்று நான் சொல்ல மாட்டேன்.

யோவானை நினைத்துப் பாருங்கள். அவரும் அண்ணன் யாக்கோபும் மகிமையில் வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர் உட்கார இடம் கேட்டவர்கள். சிலுவையின் இரண்டு பக்கமும் அன்று கள்ளர்கள் இருந்தார்கள். கீழே நின்ற சீஷனுக்குக் கிடைத்தது ஒரு தாய். 'இதோ உன் தாய்' என்றார், அவன் அன்றே அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அந்தச் சீஷன் யோவான்தான் என்பது சபையின் பழைய நம்பிக்கை. நாற்காலி கேட்டவருக்குப் பராமரிக்க ஒரு வயதான அம்மாவைக் கொடுத்தார் ஆண்டவர். யோவான் கல்வெட்டு கேட்டதாக எங்கும் எழுதியில்லை.

வரும் சனிக்கிழமை கோயிலை அந்தப் பையன் கூட்டட்டும். கமிட்டிக்கு வந்துவிட்டானே, துடைப்பத்தையும் பிடித்துப் பார்க்கட்டும். நீங்கள் முதல் பஸ்ஸில் கீழே இறங்குங்கள். முதலில் தங்கையிடம் பேசுங்கள், 'இத்தனை நாள் நீ சுமந்தாய்' என்று. பிறகு அம்மாவிடம் கேளுங்கள், மேலே வருகிறாயா என்று. வர மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், அங்கே அவருக்கு நாலு பேர் பழக்கமாகியிருப்பார்கள். அப்படியானால் வாராவாரம் போங்கள். மாதாமாதம் தங்கை கையில் பணமும் கொடுங்கள்.

வருகிறேன் என்றால் ஒன்று. மாடி வேண்டாம், படியேற முடியாது. கீழ் அறையைக் கொடுத்துவிட்டு நீங்கள் மாடிக்குப் போங்கள். வெந்நீர் வைப்பதும், சேலை துவைப்பதும், இரவில் கழிப்பறைக்குக் கை பிடித்துக் கூட்டிப்போவதும் உங்கள் வேலை. மனைவி தலையில் கட்டிவிட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். பாத்திரம் கழுவிப் பழகிய கைதானே. 4 மணிக்கு எழும் பழக்கமும் இருக்கிறது, வயதானவர்கள் அந்த நேரத்தில்தான் முழித்துக்கொண்டு கிடப்பார்கள்.

தள்ளிப்போடாதீர்கள். நவம்பர் மழை பிடித்துவிட்டால் பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைபடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.